ஓட்டுநரின் மூடி

ஜனவரி 2

அப்பா வந்துவிட்டார். வருவதாகச் சொல்லவே இல்லை. நேற்று காலை பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு படியேறப் போனபோது, காட்பாடி ஸ்டேஷனிலிருந்து வந்த ஆட்டோவிலிருந்து இரும்புப் பெட்டியோடு இறங்கிக்கொண்டிருந்தார். பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டேன். ஒன்று உடைந்துவிட்டது. அம்மா திட்டவில்லை.

வலது தோளில் கட்டு. காதுக்குக் கீழே தோல் இளஞ்சிவப்பாக, வழவழப்பாக இருக்கிறது. எஞ்சின் பக்கம் சூடு பட்டுவிட்டது என்றார். ஒரு மாதம் சிக் லீவ். அம்மா கட்டை மெதுவாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, நவம்பர் முழுக்க ஏன் சரியாகப் பேசவில்லை என்று கேட்டார். சிக்னல் இல்லை என்றார் அப்பா.

அப்பா டாங்கிப் படையில் தஃபேதார். குதிரைப்படை காலத்துப் பெயரை அவர்கள் இன்னும் வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டி அவரைக் கலெக்டர் பின்னால் போகும் டபேதார் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். ஹவில்தாருக்குச் சமமான பதவி, அப்பா டாங்கி ஓட்டுகிறார் என்று விளக்கினேன். "அப்ப கலெக்டர்கூட போறதே இல்லியா?" என்றார் ஏமாற்றத்தோடு.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு என் தலைப்பை இன்றே முடிவு செய்துவிட்டேன்: நவீன முதன்மைப் போர் டாங்கி, அதன் பலமும் பலவீனமும். எரிமலை செய்கிறவர்கள் செய்யட்டும். டாங்கி ஓட்டுநரை வீட்டில் வைத்திருப்பவள் நான் ஒருத்திதான்.

ஜனவரி 4

கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருந்தபோது அப்பாவிடம் பாடம் கேட்டேன். பலங்களைச் சொல்லும்போது அவருக்கு முகமே மாறிவிடுகிறது. நாற்பது டன்னுக்கு மேல் எடை இருந்தும் மணலில் கார் போல ஓடும். இரும்பும் பீங்கானும் அடுக்கடுக்காக வைத்த கவசம். அதற்கு வெளியே செங்கல் போன்ற பெட்டிகள். எதிரியின் குண்டு பட்டதும் அந்தப் பெட்டி தானே வெடித்து அதைத் திருப்பி அடிக்கும். குண்டை எடுத்துப் பீரங்கியில் போட ஆள் வேண்டாம், இயந்திரமே போட்டுவிடும். அதனால் உள்ளே மூன்று பேர் போதும். மேலே கோபுரத்தில் கமாண்டரும் பீரங்கியைச் சுடும் கன்னரும். முன்னால் கீழே, தனியாக, ஓட்டுநர். அப்பாவின் வண்டியில் கன்னர் அவருடைய நண்பர் எபினேசர், எனக்கு எபி சித்தப்பா.

பலவீனம் என்ன என்று கேட்டேன்.

"அத வுடு பாப்பா. நல்லத மட்டும் எழுது."

தலைப்பிலேயே இரண்டும் இருக்கிறது என்றேன். மோட்டார் போட்டோமா என்று பார்க்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டார். மோட்டார் காலையிலேயே போட்டாயிற்று.

இன்னொன்று. அப்பா குளிக்கும்போது கதவைச் சாத்துவதில்லை. கதவு தானாகச் சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு செங்கல்லை வைத்திருக்கிறார். வயசுப் பெண் இருக்கும் வீட்டில் இது என்ன பழக்கம் என்று அம்மா சொல்லிப் பார்த்துவிட்டு, வாசலில் ஒரு பழைய புடவையைக் கட்டிவிட்டார். முகாமில் எல்லாரும் வெட்டவெளியில் குளிப்பார்களாம். அந்தப் பழக்கமாக இருக்கலாம்.

ஜனவரி 5

சரித்திரத்தில் இரண்டு பாடம் முடித்தேன். அப்பா மொட்டை மாடியில்தான் படுக்கிறார். இந்தப் பனியில்.

ஜனவரி 8

மாவட்ட நூலகத்தில் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். படித்துவிட்டு வெகு நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நூலகர் வந்து மின்விசிறியை அணைத்துவிட்டுப் போனார்.

டாங்கியின் முன்பக்கத்தில்தான் கவசம் தடிமன். மேல்பக்கம் மெலிது. இப்போது கல்யாணத்தில் படம் பிடிக்கும் டிரோனைவிடக் கொஞ்சம் பெரியது ஒன்று மேலிருந்து வந்து விழுந்தாலே போதுமாம். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. வெயிலில் உள்ளே அடுப்பு மாதிரி இருக்கும்.

அதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஆள் இல்லாமல் தானே குண்டு போடும் இயந்திரம் இருக்கிறது என்று பலத்தில் எழுதினேன் அல்லவா? அது குண்டுகளை எங்கே வைத்திருக்கிறது என்று படம் போட்டிருந்தது. கமாண்டரும் கன்னரும் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே, வட்டமாக. ரங்கராட்டினம் மாதிரி. அதில் தீப் பிடித்தால் சில நொடிதான்.

எபி சித்தப்பா அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார். போன வருஷம் வீட்டுக்கு வந்தபோது அம்மா வைத்த கறிக்குழம்பை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். குண்டுகளின் மேல் உட்காருகிறவர் இவ்வளவு சிரிப்பாரா?

அம்மாவிடம் சொல்லவில்லை. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து உருவினேன்.

ஜனவரி 11

இன்று கண்டுபிடித்ததுதான் எல்லாவற்றிலும் முக்கியம். சில வகை டாங்கிகளில் பீரங்கிக் குழல் நேராக முன்னால் நின்றால், அது ஓட்டுநரின் தலைக்கு மேலுள்ள மூடியை மறித்துக்கொள்ளும். மூடி திறக்காது. மேலே இருப்பவர் குழலைத் திருப்பினால்தான் அவர் வெளியே வர முடியும்.

அப்பாவிடம் ஓடினேன். "உங்க வண்டியிலும் அப்படியாப்பா?"

சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஆமாம் என்றார். அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாம். வண்டி நின்றதும் கன்னர் முதலில் குழலை ஒரு பக்கமாகத் திருப்ப வேண்டும். பிறகு மூடியின் மேல் கையால் இரண்டு தட்டு. அந்தத் தட்டு கேட்ட பிறகுதான் ஓட்டுநர் மூடியைத் தூக்குவார். ஓட்டுநர் வெளியே வரும்வரை மற்றவர்கள் தரையில் இறங்க மாட்டார்கள்.

"எபி தட்டிட்டு ஒண்ணு சொல்லுவான்," என்றார். "வீடு வந்துட்டு அண்ணேன்னுவான். அவங்க ஊர்ல வந்துட்டுன்னுதான் பேசுவாங்க. பாலைவனத்துல இன்னா வீடு? ஆனா தெனமும் சொல்லுவான்."

புது வருஷத்துக்கு எபி சித்தப்பா ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன். அவருடைய ஊரான நாசரேத்திலிருந்து போன் செய்து அம்மாவிடம் கறிக்குழம்பு விசாரிப்பாரே.

"அவன் இப்ப எங்ககூட இல்ல," என்றார் அப்பா. வேறு படைப்பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது. சட்டையில் பழுப்பாக ஒரு தடம் விழுந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டியை எடுக்க மறந்துவிட்டார்.

ஜனவரி 13, போகி

கீழ்வீட்டுக்காரர்கள் பழைய பாயோடு ஸ்கூட்டர் டயரையும் போட்டுக் கொளுத்திவிட்டார்கள். கரும்புகை மாடிவரை வந்தது. அப்பா படியிறங்கித் தெருவில் செருப்பில்லாமல் வெகு தூரம் நடந்து போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். ரயில்வே மேம்பாலத்தின் கீழே சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

டயர் புகை யாருக்கும் ஒத்துக்கொள்ளாது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஜனவரி 18

டாங்கி தயாராகிவிட்டது! என் வகுப்புத் தோழி ஹாஜிராவின் அத்தா, அதாவது அவள் அப்பா, செருப்புக் கம்பெனிகளுக்குப் பேக்கிங் பெட்டி அடித்துக் கொடுக்கிறார். அவருடைய பட்டறையில் மிச்சக் கட்டைகளை வைத்துச் செய்தோம். பெரியவர் ஒருவர் உள்ளே உட்காரலாம். கோபுரத்துக்கு ஒரு பழைய சுழல் நாற்காலி. குழல் பிளாஸ்டிக் குழாய். கன்னர் ஹாஜிரா. நாற்காலியோடு சுற்றி வந்து, "ஆட்டோ வருமா? சத்துவாச்சாரிக்கு எவ்ளோ கேப்பே?" என்று வேலை செய்கிறவர்களைச் சிரிக்க வைக்கிறாள்.

எனக்குப் பெருமையானது ஓட்டுநரின் மூடிதான். கீல் போட்டு மேலே தூக்குவது போலச் செய்தோம். குழல் முன்னால் நின்றால் மூடி திறக்காது. உண்மையான டாங்கியில் இருப்பது போலவே! இதற்காக ஹாஜிராவின் அத்தா குழலை இரண்டு முறை கழற்றித் தாழ்த்திப் பொருத்தினார். எதற்கும்மா இப்படி வம்பாகச் செய்யச் சொல்கிறாய் என்றார். பலவீனத்தையும் காட்ட வேண்டும், அதுதான் நேர்மை என்றேன்.

ஸ்டெல்லா டீச்சர் அப்பாவைச் சிறப்பு விருந்தினராக அழைக்க வீட்டுக்கே வந்தார். அப்பா ஓட்டுநர் இடத்தில் உட்கார, நான் விளக்கிச் சொல்வேன். அப்பா தரையைப் பார்த்தபடி, பேசிவிட்டு மட்டும் போகிறேனே என்றார். கூச்சப்படுகிறார். நான் கெஞ்சினேன். சரி என்றார்.

மூடியைப் பற்றிச் சொல்லவில்லை. பார்த்து அசந்து போகட்டும்.

ஜனவரி 21

அம்மாவும் அப்பாவும் சமையலறையில் பேசியது காதில் விழுந்தது. முப்பதாம் தேதி அப்பா மருத்துவக் குழுவின் முன் நிற்க வேண்டும். நலம் என்றால் பிப்ரவரியில் மீண்டும் டாங்கி. "நல்லா இருக்கேன்னு எப்படிங்க சொல்லுவீங்க?" என்றார் அம்மா. தோள் ஆறிவிட்டதே என்றார் அப்பா. தோளைப் பற்றியா கேட்டேன் என்றார் அம்மா. அதன் பிறகு குக்கர் சத்தம்.

ஜனவரி 24

எழுதாமல் இருக்க முடியவில்லை. எழுதவும் கை வரவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

கண்காட்சிக்கு அப்பா சீருடையில் வந்தார். அம்மா பட்டுப் புடவை கட்டியிருந்தார். அரங்கம் நிறைய பிள்ளைகள். அப்பா டாங்கியைச் சுற்றி வந்தார். குழல் அப்போது பக்கவாட்டில் இருந்தது. மூடியின் கீலைத் தொட்டுப் பார்த்து, "அச்சு அசலா கீது," என்றார். அவர் நெற்றி வியர்த்திருந்தது. மேடை விளக்குச் சூடு என்று நினைத்தேன். தலைமையாசிரியை, "உட்காருங்க சார், பிள்ளைங்க பார்க்கட்டும்," என்றார். அப்பா பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார். உள்ளே இறங்கினார்.

மூடியைச் சாத்தியது நான்தான். ஒத்திகையில் பேசிக்கொண்டபடி ஹாஜிரா குழலை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். நான் மைக்கில் ஆரம்பித்தேன். பலங்களைச் சொன்னேன். கைதட்டினார்கள். பலவீனங்களுக்கு வந்தேன். "பீரங்கிக் குழல் இந்த நிலையில் இருக்கும்போது ஓட்டுநரால் வெளியே வர இயலாது" என்று படித்தேன்.

உள்ளே தட்டும் சத்தம் கேட்டது. முதலில் மெதுவாக. பிறகு டாங்கியே ஆடியது. பிள்ளைகள் சிரித்தார்கள். நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் நினைத்தேன். ஒரு நொடி, நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"எபி, திருப்புடா. எபி. எபி, திருப்புடா."

அது அப்பாவின் குரல் மாதிரியே இல்லை. ஹாஜிரா நாற்காலியைத் திருப்பப் பார்த்தாள். எங்கோ ஆணி மாட்டிக்கொண்டு அது நகரவில்லை. அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மாதான் மேடையில் ஏறி, அந்தக் குழாயை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பிடுங்கி எறிந்தார். அதற்குள் அப்பா தோளால் இடித்துக் கட்டைகளை உடைத்து வெளியே வந்துவிட்டார். சீருடையின் தோள்பக்கம் ரத்தம். யாரையும் பார்க்காமல் நடந்து அரங்கத்தை விட்டு வெளியே போனார்.

சிரிப்பு அப்போதுதான் நின்றது.

ஜனவரி 25

அப்பா மாடியில். அம்மா மாடியில். நான் சோறு வடித்தேன்.

ஜனவரி 26

டி.வி.யில் அணிவகுப்பு. கொடியோடு டாங்கிகள் வந்தன. அணைக்கப் போனேன். இருக்கட்டும் என்றார் அப்பா. டாங்கிகள் போய்ப் பள்ளிப் பிள்ளைகள் ஆடிக்கொண்டு வரும்போது, திரையைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார்.

நவம்பரில், பயிற்சியில், ஒரு குண்டு பீரங்கிக்குள் போகும்போது ஏதோ கோளாறு. உள்ளே புகை, பிறகு தீ. கமாண்டர் மேலே வழியாகக் குதித்துவிட்டார். எபி சித்தப்பாவும் குதித்துவிட்டார். குழல் நேராக, அப்பாவின் மூடிக்கு மேல் நின்றது.

"கீழே அவசர வழி இருக்குமேப்பா" என்றேன். புத்தகத்தில் படித்தது. சொன்ன பிறகு என் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

"வண்டி மணல்ல பொதைஞ்சி நின்னுச்சி பாப்பா. அது தெறக்கல." தண்ணீர் குடித்தார். "எபி திரும்ப உள்ள எறங்குனான். கரண்டு போயிடுச்சி. கையால சுத்துற பிடி ஒண்ணு உண்டு. அதச் சுத்துனான். கொழா நகர்ற சத்தம் எனக்குக் கேக்குது. கொஞ்சம் கொஞ்சமா. அப்புறம் உள்ளேர்ந்து ரெண்டு தட்டு."

அம்மா கேட்டார்: "அப்புறம்?"

"நான் வந்துட்டேன். அவன் வரல."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

எபி சித்தப்பாவின் மனைவி பல முறை போன் செய்திருக்கிறார். அப்பா எடுக்கவில்லை. நாசரேத்துக்கும் போகவில்லை. அங்கே போய் எந்த முகத்தைக் காட்டுவது என்றார். முப்பதாம் தேதி நலம் என்றுதான் சொல்வாராம்.

"முடியலன்னு சொன்னா ஸ்டோர்ல ஒக்கார வெச்சிப் போர்வை எண்ண வுடுவாங்க. அதுக்கா அவன் உள்ள எறங்குனான்?"

"ஒங்கள வெளிய கொண்டாரத்தான் எறங்குனாரு," என்றார் அம்மா. "திரும்ப உள்ள போறதுக்கா?"

நான் கண்காட்சி நோட்டில் ஒரு வரியை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்: மேலே இருப்பவர் குழலைத் திருப்பினால்தான் ஓட்டுநர் வெளியே வர முடியும். அழகாக எழுதி, அதன் கீழே பச்சை மையில் இரண்டு கோடு போட்டேன். அப்பாவைப் பற்றிய வரி அது. சித்தப்பாவைப் பற்றிய வரி.

ஜனவரி 28

அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு ஹாஜிரா வீட்டுப் பட்டறைக்குப் போனார். உடைத்ததைச் சரி செய்ய வேண்டும் என்றார். ஹாஜிராவின் அத்தா, அது கிடக்கட்டும் சார், அடுப்புக்கு ஆகும் என்றார். அப்பா கேட்கவில்லை. சுத்தியலை வாங்கிப் பலகைகளை அடித்தார், குழாயைப் பொருத்தினார், சிக்கியிருந்த ஆணியைப் பிடுங்கினார்.

பிறகு மூடியைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தார். அங்கேயே நின்றார். மரத்தூள் வாசனை, பக்கத்தில் ரம்பச் சத்தம். அவருடைய மற்றக் கால் வரவில்லை. காலை வெளியே எடுத்துவிட்டார்.

நான் உட்காருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். "எனக்குத் தெரியணும்பா" என்றேன். அப்பா மூடியைப் பிடித்துக்கொண்டு வழி விட்டார்.

உள்ளே இறங்கினேன். அவர் மூடியைச் சாத்தினார். குழல் மேலே வந்து நின்ற சத்தம் கேட்டது.

இவ்வளவு நாள் இதைப் பற்றிப் படித்திருக்கிறேன், வரைந்திருக்கிறேன், பேசியிருக்கிறேன். உள்ளே உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. முட்டி பலகையில் இடிக்கிறது. தலையை நிமிர்த்த முடியவில்லை. மூடியைக் கையால் தள்ளினேன். பேக்கிங் பெட்டிப் பலகைதான், வெளியே நிற்பது அப்பாதான், இது பகல்தான். இவ்வளவும் தெரிந்தும், இன்னொரு முறை தள்ளினேன். கூப்பிட வாயைத் திறந்தேன்.

குழல் நகர்ந்தது. கிரீச்சென்று, கொஞ்சம் கொஞ்சமாக.

மூடியின் மேல் இரண்டு தட்டு.

"வீடு..." என்றார் அப்பா. மீதி வரவில்லை.

மூடியைத் தூக்கினேன். கன்னர் நாற்காலியில் உட்கார்ந்து, குழாயை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். ரம்பம் நின்றுவிட்டது. ஹாஜிராவின் அத்தா வேலைக்காரர்களை டீ குடிக்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஜனவரி 29

அப்பா ரயிலேறினார். முப்பதாம் தேதி என்ன சொல்லப் போகிறார் என்று நானும் கேட்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. ஜன்னல் ஓரம் இடம். எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தோம்.

ஜனவரி 31

ஹாஜிரா பள்ளியில் என்னோடு பேசினாள். குழலைத் திருப்ப முடியாமல் போனது அவள் தப்பா என்று கேட்டாள். மூடியை அப்படிச் செய்யச் சொன்னது நான்தான் என்றேன். இருவரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டோம்.

சாயங்காலம் அப்பா போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டார். மருத்துவக் குழு எதிரில் உட்கார்ந்ததும் ஒரு டாக்டர் எழுந்து அறைக் கதவைச் சாத்தினாராம்.

"தெறந்தே இருக்கட்டுமா சார்னு கேட்டேன். ஏன்னு கேட்டாரு." ரயில்வே அறிவிப்பு ஒன்று குறுக்கே ஓடி முடிந்தது. "சொல்லிட்டேன்."

"எல்லாத்தையுமா?" என்றார் அம்மா.

"எல்லாத்தையும்."

இனி வண்டி கிடையாதாம், இப்போதைக்கு. சிகிச்சைக்கு வாரம் ஒரு நாள் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன் சில நாள் விடுப்பு. நேராக வீட்டுக்கு வரவில்லை, நாசரேத்துக்குப் போகிறார். எபி சித்தப்பாவின் மனைவியிடம் பேசிவிட்டாராம். சித்தி கேட்டது ஒன்றே ஒன்றுதானாம்: கடைசியில் அவர் ஏதாவது சொன்னாரா?

"இரண்டு தட்டு தட்டினாருன்னு சொல்லுங்கப்பா" என்றேன். "அதுக்கு என்ன அர்த்தம்னும் சொல்லுங்க."

அம்மா வீட்டைக் கூட்டும்போது குளியலறை வாசலிலிருந்த செங்கல்லை எடுத்து மாடிப்படியில் வைத்திருந்தார். நான் அதைக் கழுவி, பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன்.